மபாலாவின் பாட்டு

ஹபேன்சுவின் தம்பிக்கு மூண்டே என்று நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. மோன்ஸே சந்தை வரைக்கும் அவன் பெயர் கோழிக்கால்தான். இருபது வருடத்துக்கு முன்னால், புதுப்பெண்ணாக வந்த அண்ணி மைன்சா, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த கோழிக்கால் ஒன்றைக் காணாமல் தேடினாள். மூண்டே பழியைத் தூக்கி நாயின்மேல் போட்டான். நாயால் பேச முடியாது. மைன்சாவால் முடியும். அந்த வருட அறுவடைக் கள் விருந்தின்போது அவள் எழுந்து நின்று தன் முதல் பாட்டைப் பாடினாள். 'பானை மூடியைத் தூக்கிவிட்டுத் திரும்ப மூடிவைக்கத் தெரிந்த நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது' என்று ஒரே ஒரு வரிதான் அவனைப் பற்றி. மூண்டேயின் பிள்ளைகள் இன்று தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கோழிக்கால் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் பெயர்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆடு, மாடு, பானை, பாய் எல்லாம் சொந்தமாக இருப்பதுபோலப் பாட்டும் சொந்தமாக இருக்கும். இம்பாங்கோ என்போம். ஒருத்தியின் பாட்டை இன்னொருத்தி பாடமாட்டாள். ஊர்த்தலைவர் முன்னால் சொன்னால் அடிதடியாகிவிடும் விஷயத்தைக்கூடப் பாட்டில் வைத்துச் சொல்லலாம், அதற்கு வழக்கு கிடையாது. கேட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஒருமுறை நாலு பேர் முன்னால் பாடிவிட்டால் அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. அவள் சாகும்வரை எந்த ஊர்க் கள்ளுக்குப் போனாலும் எழுந்து அதையே பாடுவாள். யாரைப் பற்றிப் பாடினாளோ அவர் செத்துப்போனால் அந்தச் சாவு வீட்டிலும் பாடுவாள்.

ஆகவே, எங்கள் பக்கத்தில் குளிர்காலமான ஜூலை மாதத்துக் காலை ஒன்றில் மைன்சா தன் புருஷன் ஹபேன்சுவிடம் புதுப்பாட்டு பாடப்போவதாகச் சொன்னபோது அவனுக்குக் களி தொண்டையில் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

அவன் அடுப்படியில் குந்தி, சூடான சோளக் களியை உருட்டிப் புளித்த பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் கள்ளுக்கு முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் கூழ் ஏத்துறேன். ஏழாம் நாள் கள்ளு," என்றாள்.

"என்ன விசேஷம்?"

"உழவுக்கு மாடு குடுத்தவங்களுக்கு ஒரு வாய் ஊத்த வேணாமா? முலேயா வீடு, சீலோ வீடு, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க. எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"நல்லது, நல்லது. செய்யி."

"அன்னைக்கு ஒரு பாட்டும் பாடுறேன்."

"எது, கோழிக்கால் பாட்டா? மூண்டே பாவம், எத்தன வருசம்தான் கேப்பான்."

"அது இல்ல. புதுசு."

அவன் கை பால் கிண்ணத்திலேயே நின்றது. "எதப் பத்தி?"

"மபாலாவப் பத்தி," என்று சொல்லிவிட்டு அவள் உமியை ஊதினாள்.

மபாலா அவளுடைய காளை. கல்யாணத்தின்போது அவள் தாய்மாமன் கொடுத்த பசு ஈன்ற கன்று. ஈன்ற மூன்றாம் நாள் தாய்ப்பசு செத்துப்போனது. மைன்சா தன் விரலைப் பாலில் முக்கிச் சப்பக் கொடுத்துத்தான் அதை வளர்த்தாள். அப்போது மகள் லுயாண்டோ கைக்குழந்தை. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் கன்று என்று உட்கார்ந்திருப்பாள். நெற்றியிலும் விலாவிலும் வெள்ளைப் புள்ளி விழுந்த செவலை அது. பத்து மழைக்காலம் உழுதது. ஏரில் அதற்கு ஜோடி ஹபேன்சுவின் சொந்தக் காளை, லூவோ. மபாலா இடப்பக்கம், லூவோ வலப்பக்கம். மைன்சா ஏர்பிடித்துப் போனால் மபாலாவுக்குச் சாட்டையே வேண்டாம், பேர் சொன்னால் போதும் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

போன நவம்பரில் முதல் மழை இறங்கிய வாரம் மைன்சா தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மபாலா இல்லை.

"பாம்பு கடிச்சிருச்சு," என்றான் ஹபேன்சு.

"எந்தப் பாம்பு? எங்க வச்சு?"

"ஓடைக்கிட்ட. கருப்பா இருந்துச்சு. நான் என்ன அதுகிட்டப் பேரா கேட்டேன்?"

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. மைன்சா எதையும் ஒருதடவைதான் கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கத்துகிற பெண்டாட்டியோடு குடும்பம் நடத்திவிடலாம், இப்படிப்பட்டவளோடு நடத்துவது கஷ்டம் என்று ஹபேன்சு எங்களிடம் பலதடவை சொல்லியிருக்கிறான்.

அந்த வருடம் அவர்கள் மூன்று வீட்டில் மாடு கடன் வாங்கி உழுதார்கள். விதைப்பு தள்ளிப்போய், கதிர் சின்னதாகத்தான் பிடித்தது.

பாம்பு பொய் என்பது ஹபேன்சுவுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவன் எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தான்.

கூழ் ஏற்றிய மறுநாளிலிருந்து மதியத்துக்கு மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் மைன்சாவின் முற்றத்துக்கு வந்தார்கள். பெயருக்கு நிலக்கடலை உடைப்பு. உண்மையில் பாட்டுக் கட்டுகிற வேலை. எல்லாப் பாட்டும் இப்படித்தான் உருவாகும். சொந்தக்காரி வார்த்தை சொல்வாள். ராகம் கட்டித் தருவதற்கு ஊருக்கு ஒருத்தி இருப்பாள், எங்களுக்குச் சீலோ. மற்றவர்கள் பின்பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு அரங்கேறும்வரை ஆண்கள் காதில் விழக்கூடாது. கடலைத் தோல் காற்றில் பறக்க, சளசளவென்று பேச்சும் நடுநடுவே முனகலுமாக அந்த முற்றம் நிறைந்திருக்கும்.

ஹபேன்சுவுக்குத் திடீரென்று வீட்டுவேலைமேல் பாசம் வந்துவிட்டது. விறகு வெட்டினான். கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்தான். ஒரு குடம் தண்ணீர்கூட எடுத்துவந்தான். எதைச் செய்தாலும் கடலை உடைக்கிற இடத்தைச் சுற்றியே செய்தான். அவன் தலை தெரிந்ததும் பாட்டு நின்றுவிடும். போவதுபோல் போய், மாட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டால் கொஞ்சம் காற்றில் வரும். மபாலா என்று பேர் வரும். மாமன் என்று வரும். அப்புறம் ஓர் இடம் வரும். அங்கே வார்த்தையே கேட்காது. கைதட்டு மட்டும் கேட்கும், ஆறு வரி பாடுகிற நேரத்துக்கு. பிறகு பாட்டு மறுபடி தொடங்கும்.

இரண்டு நாள் ஒளிந்து கேட்டான். இரண்டு நாளும் அதே இடத்தில் வெறும் கைதட்டு.

'என் கதை வரும் இடம் அதுதான். நான் கேட்டுவிடக் கூடாதென்று அங்கே மட்டும் வார்த்தையை விழுங்குகிறார்கள்' என்று முடிவுகட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் சீலோவைத் தேடிப்போனான். சீலோ புருஷனை இழந்தவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவள் கழுதைப்புலிக் குலம், இவன் யானைக் குலம். இந்த இரண்டு குலத்துக்கும் கேலிமுறை உண்டு. ஒருவரை ஒருவர் என்ன பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் போனால்தான் தப்பு.

"ஏய் யானை, காலங்காத்தால என்ன இந்தப் பக்கம்? தும்பிக்கையில என்ன சுருட்டி வச்சிருக்க?"

"பொகையில. உனக்குத்தான்."

"அடேயப்பா! எம் புருசன் செத்தப்பக்கூட ஒரு கிள்ளுப் பொகையில தராதவன், இன்னைக்கு முழுச் சுருளோட வர்ற. என்னையக் கட்டிக்கப் போறியா?"

"உன்னையக் கட்டிக்கிட்டா விடியறதுக்குள்ள எலும்பக்கூட விட்டுவைக்க மாட்டியே."

"எலும்பு என்னய்யா, தந்தத்தையும் கடிச்சிருவேன். சொல்லு, என்ன வேணும்?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "மைன்சா பாட்டுல நான் வர்றேனா?"

சீலோ புகையிலையை மோந்துபார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உன்னைப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

"சத்தியமா?"

"இந்தப் பொகையில மேல சத்தியம். முழுப்பாட்டும் நான் கட்டுனது. அதுல யானையும் இல்ல, யானச் சாணியும் இல்ல. போ."

அவன் நம்பவில்லை. கேலிமுறைக்காரி சொன்னதை நம்பினால் அவனைப்போல் ஏமாளி எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரு வார்த்தை இல்லை என்கிறாள், அப்படியானால் பாட்டு முழுக்க நான்தான் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான். வேறு யாராவது அதே பதிலைச் சொல்லியிருந்தால் அவன் வாரம் வேறுமாதிரிப் போயிருக்கும்.

நேரே முலேயாவிடம் போனான். முலேயா வேப்பங்குச்சி ஒல்லி, ஹபேன்சுவோடு சின்னவயதில் மாடு மேய்த்தவன். வெயிலில் உட்கார்ந்து கலப்பைக் கைப்பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"முலேயா, பாம்பு கடிக்கல."

"என்ன?"

"மபாலாவ. நான் சும்மா சொன்னேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் கூட்டுழவுக்குக் கூப்பிட்டாங்க. உழுதா கள்ளு. அவ ஊர்ல இல்ல, கேக்காம அவ மாட்டையும் ஓட்டிட்டுப் போனேன். குடிச்சிட்டு வர்ற வழியில ஒரு கண்ணசந்துட்டேன். நொகத்த அவுக்காமலே படுத்துட்டேன். ரெண்டும் தண்ணிக்கு எறங்கி... விடு. அவ்வளவுதான்."

முலேயா உளியைக் கீழே வைத்தான். மடியில் கிடந்த சீவலைத் தட்டிவிட்டான். அப்புறம், "அவளுக்குத் தெரியுமா?" என்றான்.

"எப்படித் தெரியும்? ஆனா பாட்டு கட்டுறாளே!"

"போய்ச் சொல்லிருய்யா. கள்ளுக்கு முன்னால சொல்லிரு. எம் பொண்டாட்டி பாட்டுல நான் கொறட்ட விடுறேன்னு ரெண்டு வரி இருக்கு. அதுக்கே பன்னெண்டு வருசமா ஒரு விருந்தாளி என் வீட்டுல தங்கல. இது மாட்ட சாகவிட்ட கத. உன் பேரு என்னாகும்னு யோசிச்சுப் பாரு. கோழிக்கால் எவ்வளவோ தேவல."

"எட்டு மாசமா பாம்புன்னு சொல்லிட்டு இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"இருக்குற மொகத்த வச்சுத்தான்," என்றான் முலேயா.

ஐந்தாம் நாள் காற்று சுழன்று அடித்தது. தூரத்தில் எங்கோ புல் எரிந்து, சாம்பல் துணுக்குகள் முற்றத்துக் கள்ளுப் பானைகள்மேல் வந்து விழுந்தன. மைன்சா பானைவாய்களைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். ஹபேன்சு குதிரின் கூரை பிய்ந்திருப்பதைப் பார்த்து, வைக்கோல் கட்டை எடுத்துக்கொண்டு ஏறினான். கூரையைத் தூக்கிப் பிடித்துக் கீழே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

குதிரின் உள்சுவரில், ஒரே ஆணியில், இரண்டு பூட்டாங்கயிறு தொங்கியது. நுகத்தில் மாட்டின் கழுத்தைப் பூட்டுகிற தோல்வார். ஒன்று கத்தியால் அறுபட்டிருந்தது. இன்னொன்று அறுபடாமல், இழுபட்டு நீண்டு, சேறு காய்ந்து முழுசாக இருந்தது. ஓடைக்கரைப் புதரில் அவனே வீசியவை. அவள் போய்த் தேடி எடுத்துவந்திருக்கிறாள். எப்போது எடுத்தாளோ. எட்டு மாதமாக அதே குதிரிலிருந்து சோளம் எடுத்துத்தான் அவனுக்குக் களி கிண்டிப் போட்டிருக்கிறாள். இந்த எட்டு மாதத்தில் அவன் அந்தக் கூரையில் ஏறியதே இல்லை.

பாம்பு கடித்த மாட்டுக்கு எதற்குப் பூட்டாங்கயிற்றை அறுக்கவேண்டும்? சின்னப்பிள்ளைகூடக் கேட்கும்.

வைக்கோலைப் போடாமலே இறங்கினான். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் கள்ளை அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள். புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது.

"லுயாண்டோ அம்மா."

"ம்."

"அந்தப் பாம்பு..."

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. அவன் அந்தக் கையையே பார்த்தான். கன்றுக்கு விரல் கொடுத்த கை.

"பாம்பு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் இப்ப பாம்பே காணோம்னு சொல்ல வந்தேன். குளுருல்ல."

"ஆமா. குளுரு," என்றாள் அவள்.

இவ்வளவு தூரம் வந்து திரும்பிப்போனவனை என்னவென்று சொல்வது. எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது, எழுதும்போதே வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் குளிரைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

ஏழாம் நாள் வெயில் ஏறுவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் மரக்கட்டையிலும் முக்காலியிலும், பெண்கள் பாயிலும். சுரைக்குடுக்கை கைமாறிக் கைமாறிச் சுற்றியது. கள் நன்றாக விளைந்திருந்தது. வேகவைத்த நிலக்கடலை, வறுத்த பூசணிவிதை, ஒரு கிடாயின் கறி. முதலில் முலேயாவின் பெண்டாட்டி எழுந்து குறட்டைப் பாட்டைப் பாடினாள். எல்லாரும் அந்த இரண்டு வரி வந்ததும் கூடவே குறட்டை விட்டார்கள். முலேயாவும் விட்டான், வேறு வழியில்லை.

ஹபேன்சுவைக் காணவில்லை. அவன் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் தொப்பி மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

மைன்சா எழுந்தாள். கைகொட்டி எல்லாரையும் வணங்கினாள். அவள் தோளில் ஒரு தோல்வார் தொங்கியது. அறுபடாத பூட்டாங்கயிறு. பேச்சு அடங்கியது.

'மபாலா, ஏ மபாலா,
நெத்தியில புள்ளி விழுந்தவனே,
தாயில்லாத கன்னுக்குட்டியே,
என் வெரலத் தாயின்னு நெனச்சவனே'

என்று எடுத்தாள். சீலோ கட்டிய ராகம், மெதுவாக இறங்கி, கடைசி வார்த்தையில் சட்டென்று ஏறும். பெண்கள் பின்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் லுயாண்டோதான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள். அடுத்து மாமன் வந்தார். பசு கொடுத்த கை வாழ்க என்று அவருக்கு மூன்று வரி. உட்கார்ந்திருந்த மாமன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். பாட்டில் பேர் வந்தவர் எழுந்து வந்து பாடுகிறவள் பக்கத்தில் நிற்கவேண்டும், அதுதான் முறை. அப்புறம் உழவுக்கு மாடு கொடுத்த முலேயா. அப்புறம் சீலோ. அப்புறம்,

'உண்ணி பொறுக்கின வெள்ளக் கொக்கே,
உனக்கும் ஒரு முதுகு போச்சே,
வேற முதுகு தேடிப் போனியோ,
மரத்துல குந்தி அழுதியோ'

என்று கொக்குக்கு நாலு வரி. பாயில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அதற்கடுத்து லூவோ.

'ஜோடி இழந்த லூவோவே,
ஒனக்கு எடப்பக்கம் யாரு இப்ப?
காத்தோட சேத்து உழுவியோ?'

அதன் பிறகு கைதட்டு வந்தது. வார்த்தை இல்லாத அந்த இடம். பெண்கள் எல்லாரும் தட்டினார்கள், மைன்சா தோல்வாரைக் கையில் எடுத்து உள்ளங்கையில் அடித்துக்கொண்டாள். குதிருக்குப் பின்னால் தொப்பி அசையவே இல்லை. ஆறு வரி நேரம் தட்டிவிட்டு, அவள் மறுபடி 'மபாலா, ஏ மபாலா' என்று முடித்தாள். குலவை எழுந்தது. பாட்டு முடிந்துவிட்டது.

பாம்பு வரவில்லை. கத்தி வரவில்லை. ஓடை வரவில்லை. ஹபேன்சு தப்பித்துவிட்டான். அவன் செய்திருக்கவேண்டியது, சத்தமில்லாமல் வந்து ஒரு குடுக்கைக் கள் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதுதான்.

அவன் குதிருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். முகம் கோணியிருந்தது. நேராக முற்றத்தின் நடுவே வந்து நின்றான்.

"நான் எங்க?" என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"மாமா இருக்காரு. முலேயா இருக்கான். இந்தக் கழுதைப்புலிகூட இருக்கா. எங்கயோ போற கொக்குக்கு நாலு வரி! இருபது வருசம் உங்கூடக் குடும்பம் பண்ணியிருக்கேன். அந்த மாட்டுக்குப் பின்னால பத்து வருசம் ஏர் புடிச்சிருக்கேன். நான் எங்கடி?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே! பொகையிலமேல சத்தியம் பண்ணேனே!" என்றாள் சீலோ. முற்றமே சிரித்தது. மைன்சா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எடம் விட்டு வச்சிருக்கேன், லுயாண்டோ அப்பா. கைதட்டுன எடம் அதுதான். அங்க என்ன வார்த்த போடுறதுன்னு எனக்குத் தெரியல. நான் அங்க இல்ல. நீங்கதான் இருந்தீங்க." தோல்வாரை அவன் முன்னால் நீட்டினாள். "இது ஏன் அறுபடல?"

ஒருதடவைக்கு மேல் கேட்காதவள் இரண்டாம் தடவை கேட்டாள். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

ஹபேன்சு தொப்பியைக் கழற்றினான். கூட்டுழவுக்கு மாட்டை ஓட்டிப்போனது, குடித்தது, மரத்தடியில் நுகத்தோடு விட்டுவிட்டுப் படுத்தது எல்லாம் சொன்னான். முலேயாவிடம் சொன்னதுபோலவேதான். அங்கே நிறுத்தியிருந்தால்கூடப் போதும்.

"மபாலா பக்கம் கர சரிஞ்சு சேத்துல எறங்கிருச்சு. நொகம் முறுக்கி ரெண்டு கழுத்தும் நெரிபடுது. சத்தம் கேட்டு முழிச்சு ஓடுனேன். கையில ஒரு கத்தி. மபாலாதான் கிட்ட இருந்துச்சு. அதத்தான் மொதல்ல அறுத்திருக்கணும். அதுதான் கெட்ட எடத்துல இருந்துச்சு." தொப்பியைக் கசக்கிப் பிடித்தான். "கை லூவோ பக்கம் போயிருச்சு. லூவோ என் மாடு. யோசிக்கல, கைதான் போச்சு. அத அறுத்துட்டுத் திரும்புறேன், மபாலா என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. உசுரு போயிருச்சு, அறுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அதனாலதான் அது முழுசா இருக்கு. பாம்பெல்லாம் ஒண்ணும் இல்ல."

குடுக்கை எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது. கேலிமுறைக்காரி சீலோகூட வாயைத் திறக்கவில்லை.

மைன்சா தோல்வாரை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு, முதலிலிருந்து பாட்டை எடுத்தாள். கன்று, மாமன், முலேயா, சீலோ, கொக்கு, லூவோ. கைதட்டு வந்தது. பெண்கள் தட்டினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை போட்டாள், அந்த இடத்திலேயே, யாரும் கட்டிக்கொடுக்காமல்.

'ஒரு கத்தி, ரெண்டு கழுத்து,
கையி போச்சு தன் மாட்டுக்கு.
பாம்பு பாவம், அத விடுங்க.
எட்டு மாசம் கழிச்சுச் சொன்னாரு,
நாலு ஊரு கேக்கச் சொன்னாரு,
சொன்னவரு என் வீட்டுக்காரரு.'

"என் வீட்டுக்காரரு" என்ற இடத்தில் ராகம் ஏறியது. முதலில் லுயாண்டோ குலவையிட்டாள். அப்புறம் சீலோ. அப்புறம் முற்றம் முழுவதும். ஹபேன்சு நின்ற இடத்திலேயே நின்று தேம்பிக்கொண்டிருந்தான். முலேயாதான் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "போய்யா, பேர் வந்திருச்சுல்ல. போய்ப் பக்கத்துல நில்லு." அவன் போய் நின்றான், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

மறுநாள் காலையில் லூவோவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினான்.

"இனிமே இது உன்னுது."

"எனக்கு எதுக்கு உங்க மாடு? பட்டியில கட்டுங்க. கூர போடாம பாதியில எறங்கிட்டீங்களே, மழைக்கு முன்னால அத மூடுற வழியப் பாருங்க," என்றாள். அவன் வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினான். இரண்டு பூட்டாங்கயிறும் பழையபடி ஆணியில் தொங்கின. அவற்றை அவன் தொடவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ கள்ளு. மைன்சா எந்த ஊரில் எழுந்து பாடினாலும் ஹபேன்சு கூட்டத்தில் இருப்பான். அவன் இடம் வரும்போது எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பான். அசலூர்ப் பிள்ளைகள், இந்த ஆள் தன்னைத் திட்டுகிற பாட்டுக்கு ஏன் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான் என்று கேட்பதுண்டு. அவனை யாரும் பாம்பு என்றோ கத்தி என்றோ கூப்பிடவில்லை. ஹபேன்சு ஹபேன்சுவாகவே இருக்கிறான். மூண்டேவுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் மைன்சாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாடமாட்டேன் என்றவளை விடாமல் பாடவைத்தார்கள். மூச்சு வாங்கியதால் லூவோவோடு நிறுத்தி, கைதட்டையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குப் போய் முடித்துவிட்டாள். குலவை எழுந்து அடங்கியது. ஹபேன்சு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏற்கெனவே அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். எல்லாரும் கள்ளுக்குத் திரும்பிவிட்டார்கள். அவன் மட்டும் நகரவில்லை.

"முடிஞ்சிருச்சு. போய் ஒக்காருங்க," என்றாள் அவள்.

"முடியல," என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கட்டிய குரலிலேயே 'ஒரு கத்தி, ரெண்டு கழுத்து' என்று எடுத்து, 'என் வீட்டுக்காரரு' வரைக்கும் பாடினாள். அப்புறம்தான் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான்.